பரணில் கிடக்கும் பென்டியம் 4: பழைய கேம்கள் ஆட எழுப்பலாமா? எது பாதுகாப்பு?

அல்சூர்வாசி கேட்டது:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டெஸ்க்டாப் கிடக்கிறது. பென்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, கூடவே 17 அங்குல சிஆர்டி மானிட்டர். பல வருஷமாக அதற்குக் கரண்டே கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் சேலத்திலிருந்து வருகிறார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ், ரோட் ரேஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும், சேர்ந்து ஆடவும் வேண்டும்.

எதில் ஆடுவது என்பதில்தான் குழப்பம். வீட்டு லேப்டாப் விண்டோஸ் 11. நெட்பேங்கிங், வருமான வரித் தாக்கல் எல்லாம் அதில்தான். ஆபீஸ் லேப்டாப் ஒன்று இருக்கிறது. போனில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் நிரல்) போட்டால் போதும் என்கிறான் பெரிய பையன். இல்லை, பரணில் இருப்பதையே இறக்கிவிடலாமா?

இன்னொரு கவலை. அந்த ஹார்ட் டிஸ்கில் குடும்பப் படங்களும் அப்பா தமிழில் தட்டச்சு செய்த கட்டுரைகளும் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. கேம் பெயரைத் தேடினாலோ நூறு தளங்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் நாலைந்து டவுன்லோட் பட்டன். எதை நம்புவது? ஒரு பையில் ஒரிஜினல் சிடிக்கள் சில உண்டு. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

எஸ்பிரோடு வாடிக்கை பதில்:

முதல் வேலை கேம் இல்லைங்க, ஹார்ட் டிஸ்க். நகல் இல்லாத படங்கள் இருக்கும்போது மெஷினை அப்படியே ஆன் பண்ணி எக்ஸ்பியை எழுப்பாதீங்க. எக்ஸ்பி பூட் ஆனதுமே பேஜ் ஃபைல், லாக் என்று டிஸ்கில் எழுத ஆரம்பித்துவிடும். கடைசியாகச் சரியாக ஷட் டவுன் ஆகாமல் இருந்தால், டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கும் தானாக ஓடும். சாகக் கிடக்கிற டிஸ்கில் செக்டிஸ்க் ஓடினால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி ஐடிஇ அடாப்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டுங்க. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், அதனால் நாலு பின் மோலெக்ஸ் பவர் அடாப்டரோடு வரும் செட்டாகக் கேட்டு வாங்குங்க. லேப்டாப் டிஸ்குக்கான 44 பின் குட்டி அடாப்டரை வாங்கி வந்தால் பயன் இல்லை. டிஸ்கின் பின்பக்கம் உள்ள ஜம்பர் என்ற குட்டிச் செருகியை மாஸ்டரில் வையுங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக இருக்கும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். லேபிளில் படம் போட்டிருக்கும்.

டிஸ்க் ஒரே சீராக ரீங்கரித்தால் நல்லது. டக், டக் என்று தாளம் போட்டால் உடனே பவரை எடுத்துடுங்க. அதற்கு மேல் அது டேட்டா ரெகவரி ஆட்களின் வேலை, நாம் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதுதான் டிஸ்கைக் கொல்லும்.

சத்தம் சரியாக இருந்தால் ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல் மொத்த டிஸ்கையும் அப்படியே ஒரே நகல் ஃபைலாக, அதாவது இமேஜாக எடுங்க. லினக்ஸ் மின்ட் லைவ் பென் டிரைவில் லேப்டாப்பை பூட் பண்ணினால் உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொட வேண்டியதே இல்லை. அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீ கையில் இருக்கிறதா பாருங்க, சில லேப்டாப்கள் பூட் அமைப்பை மாற்றினால் அதைக் கேட்கும். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, மின்ட் அதோடேயே ஓடும். பழுதான டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை ஜிடிடிரெஸ்க்யூ என்ற பேக்கேஜாக நிறுவிக்கோங்க. பழைய டிஸ்க் தானாக மவுண்ட் ஆகியிருந்தால் அன்மவுண்ட் பண்ணுங்க. கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லி முதல் சுற்று, பிறகு விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று தடவை முயலச் சொல்லி இரண்டாம் சுற்று. எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீங்க, நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இமேஜ் போய்ச் சேரும் டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கணும். ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும். எது மூலம், எது இலக்கு என்பதை அளவை வைத்து இரண்டு தடவை சரிபாருங்க, மாற்றிக் கொடுத்தால் அப்பாவின் கட்டுரைகள் மேல் வெற்று டிஸ்க் எழுதப்பட்டுவிடும். நல்ல நிலையில் உள்ள 80 ஜிபி டிஸ்குக்கு யூஎஸ்பி 2 வேகத்தில் ஒரு மணி நேரம் போல ஆகும்.

இனி மெஷின். பவர் சப்ளையின் பின்னால் சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் இருக்கணும். பரணில் ஏற்றி இறக்கும்போது விரல் பட்டு 115க்கு நகர்ந்திருந்தால், பிளக் போட்ட நொடியில் வெடிக்கும். மூடியைத் திறந்து பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்க. தட்டையாக இருக்கணும். புடைத்திருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ ஆன் பண்ணாதீங்க. 2000களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் கெப்பாசிட்டர் கோளாறு உலகம் முழுக்க இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றிடுங்க, சில பத்து ரூபாய்தான்.

ஹீட் சிங்க் விஷயத்தில் கவனம். சாக்கெட் 478 போர்டு என்றால் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். நேராக இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து ஹீட் சிங்கோடு வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு இருக்கும்போதே ஹீட் சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்க. ஃபேன் சுற்றி, பயாஸ் காட்டும் வெப்பநிலையும் சாதாரணமாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

டாஸ் பிராம்ப்ட் பதில்:

உங்கள் பட்டியலில் இரண்டு வகை கலந்திருக்கிறது. பிரின்ஸும் டேவும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் கேம்கள். ரோட் ரேஷும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் விண்டோஸ் கேம்கள். முதல் வகைக்குப் பழைய மெஷினே தேவையில்லை, உண்மையில் பழைய மெஷினைவிட டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் அவை நன்றாக ஓடும்.

64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் வேண்டும். அசல் டாஸ்பாக்ஸைவிட டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்பு இன்றைய திரைகளுக்கு ஏற்றது. கேம் ஃபோல்டரை மட்டும் அதற்குள் சி டிரைவாக மவுண்ட் செய்யுங்கள். லேப்டாப்பின் சி டிரைவை முழுதாக மவுண்ட் செய்யவே கூடாது. டாஸ்பாக்ஸ் எமுலேட்டர்தானே ஒழிய பாதுகாப்புச் சுவர் இல்லை, மவுண்ட் ஆன ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை உள்ளே ஓடும் நிரல் அழிக்கவும் மாற்றவும் முடியும்.

வேகம் தாறுமாறாக இருந்தால் கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், கன்ட்ரோல் எஃப்12 கூட்டும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் எண் சைக்கிள்ஸ். அது 3000 என்பது 1990 வாக்கில் வந்த கேம்களுக்குச் சரியான தொடக்கம். டேவ் ஒரு தாவலில் திரையைக் கடந்தால் சைக்கிள்ஸ் அதிகம் என்று அர்த்தம். டூம் போன்ற பின்னால் வந்தவற்றுக்கு 25000க்கு மேல் கேட்கும். ஒலி அமைப்பில் கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. பல கேம்கள் ஐஆர்க்யூ 5 என்று ஊகித்துக்கொள்ளும், அப்போது இசை வரும், வாள் சத்தம் வராது. படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் ஆஸ்பெக்ட் திருத்தத்தை ஆன் செய்யுங்கள். 320க்கு 200 என்ற அந்தக் காலத் திரை 4:3 மானிட்டரை நிறைப்பதற்காக வரையப்பட்டது, இளவரசன் குள்ளமாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பிரின்ஸில் மொத்தம் 60 நிமிடம், கடிகாரம் நிற்காது. மூன்றாம் நிலை முதல் கன்ட்ரோல் ஜி சேமிக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடந்தால் விளிம்பு வரை ஒவ்வோர் அடியாகப் போகலாம், கூர்முனைகள் மேல் அப்படி நடந்தால் சாக மாட்டார். முதல் நிலை முடிந்ததும் எழுத்துகள் போட்ட குடுவைகள் நிறைந்த அறை வந்தால் அது கோளாறு இல்லை, திருட்டு நகலைத் தடுக்க வைத்த காப்பு. கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட சொல்லின் முதல் எழுத்தைக் குடிக்கச் சொல்லும். கையேடு இல்லாமல் அங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். 12ஆம் நிலையில் நிழலோடு சண்டை போட வேண்டாம். அதன் மேல் விழும் வெட்டு உங்கள் மேலும் விழும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வேண்டும். இதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

எதையும் நிறுவ மனமில்லை என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான டாஸ் கேம்கள் பிரவுசரிலேயே ஓடும். சேமித்தது நிற்காது. கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் கேமுக்குப் பதிலாகப் பக்கம் ரீலோட் ஆகலாம், கன்ட்ரோல் டபிள்யூ டேபையே மூடிவிடும். அதற்காக ஃபுல் ஸ்கிரீனில் ஆடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வரி. ‘அபேண்டன்வேர்’, அதாவது கைவிடப்பட்ட மென்பொருள் என்று தளங்கள் எழுதிக்கொள்கின்றன, நம் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. உங்களிடம் உள்ள ஒரிஜினல் சிடி அழியாமல் இருக்கக் காப்பு நகல் எடுப்பதற்குப் பிரிவு 52 இடம் தருகிறது. பழைய கேம்கள் பலவற்றை ஜிஓஜி என்ற இணையக் கடை காப்புப் பூட்டு இல்லாமல் விற்கிறது, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் டெஃபினிட்டிவ் எடிஷன் விண்டோஸ் 11இல் நேரடியாக ஓடும். டூமின் முதல் அத்தியாயம் 1993இலேயே ஷேர்வேராக, அதாவது இலவசமாகப் பகிரக்கூடிய பதிப்பாக வந்தது.

இரட்டைப்பூட்டு பதில்:

பாதுகாப்புப் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆபீஸ் லேப்டாப்பை மறந்துவிடுங்கள். அதில் என்ன ஓடுகிறது என்பதை நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல் பதிவு செய்துகொண்டே இருக்கும். கேம் கிராக் (காப்பை உடைக்கும் நிரல்) ஒன்று சிக்கினால் ஐடி துறைக்கு எச்சரிக்கை போகும், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

வீட்டு லேப்டாப்பில் டாஸ்பாக்ஸும் பிரவுசர் கேமும் மட்டும் போதும். பிள்ளைகளுக்குத் தனியாக ஸ்டாண்டர்ட் பயனர் கணக்கு போடுங்கள், அட்மின் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் எந்த இன்ஸ்டாலரும் அந்த மெஷினில் ஓட வேண்டாம். 1990இல் எழுதிய கேமால் இன்று உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. ஆபத்து அதன் பெயரில் இன்று யாரோ கட்டித் தரும் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தறிய இரண்டு சோதனை. முதலில் அளவு. டேவ், பிரின்ஸ் எல்லாம் ஃப்ளாப்பியில் விற்ற கேம்கள், ஜிப் ஃபைல் ஓரிரு எம்பிக்குள் இருக்க வேண்டும். 40 எம்பி செட்டப் வந்தால் அது வேறு ஏதோ. அடுத்து, எக்ஸி ஃபைலை விண்டோஸில் டபுள் கிளிக் செய்யவே செய்யாதீர்கள், டாஸ்பாக்ஸுக்குள் மட்டும் ஓட்டுங்கள். உண்மையான டாஸ் கேம் என்றால் ஓடும். டாஸ் முறையில் ஓடாது, விண்டோஸ் தேவை என்று பொருள்படும் ஆங்கில வரி வந்தால், கேம் என்ற பெயரில் விண்டோஸ் நிரல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே அழித்துவிடுங்கள். ஜிப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால், ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். ‘நோட்டிஃபிகேஷன் அனுமதி’ கேட்டால் பிளாக் கொடுங்கள். ஒரு தடவை அனுமதித்தால் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று நாள் முழுக்க அறிவிப்பு வரும், வீட்டில் யாராவது பயந்து அதில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்வார்கள்.

ஒரிஜினல் சிடி வைத்திருப்பவர்கள்கூட மாட்டும் இடம் ஒன்று உண்டு. 2000 வாக்கில் வந்த பல சிடிக்களில் சேஃப்டிஸ்க் என்ற காப்பு இருக்கும், அதற்கான டிரைவரை விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. சிடியைப் போட்டால் கேம் திறக்காது. உடனே ‘நோ சிடி கிராக்’ தேடுவார்கள். அந்தத் தேடல் முடிவுகள் முழுக்கப் பொறி. எக்ஸ்பியில் அதே சிடி எந்தக் கிராக்கும் இல்லாமல் ஓடும். உங்கள் பழைய மெஷினுக்கு இருக்கும் நல்ல காரணம் இதுதான்.

பழைய டிஸ்கின் இமேஜிலிருந்து படங்களும் டாக்குமென்டுகளும் மட்டும் வெளியே வரட்டும். எக்ஸி ஃபைல் எதுவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பென் டிரைவ் வழியாகப் பரவிய சாலிட்டி, வைரட் போன்றவை எக்ஸி ஃபைல்களுக்குள்ளேயே தங்களை ஒட்டிக்கொள்ளும் வகை. பழைய கேம் ஃபோல்டரை நகலெடுத்தால் அவையும் கூட வரும். டாக் ஃபைல்களை மேக்ரோ அணைத்த நிலையில் திறங்கள்.

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. டிஸ்க் சீராகச் சுற்றுகிறது, இமேஜ் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அவசரக் கேள்வி. பெரிய பையன் அண்ணியின் போனில் ஏற்கெனவே ‘ஆயிரம் ரெட்ரோ கேம்’ என்று ஒரு ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் ஃபைல்) இறக்கிப் போட்டிருக்கிறானாம். கேம் திறக்க ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டதாம், கொடுத்துவிட்டான். அந்த போனில்தான் யூபிஐ இருக்கிறது. இப்போது என்ன செய்யச் சொல்வது?

இரட்டைப்பூட்டு:

உடனே ஏர்பிளேன் மோட், வைஃபையும் ஆஃப். பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேமுக்கு ஆக்சஸிபிலிட்டி தேவையே இல்லை. அந்த அனுமதி கிடைத்த ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்காக பட்டனை அழுத்தும், அன்இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்தால் அதை மூடவும் செய்யும். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு இந்த அனுமதியைக் கொடுக்க ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ என்று இன்னொரு பூட்டையும் திறக்க வேண்டும். அதைத் திறக்கச் சொல்லி ஓர் ஆப் படம் போட்டு வழிகாட்டினால், அதன் நோக்கம் கேம் இல்லை.

அடுத்தது, வேறு ஒரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யூபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள், டெபிட் கார்டின் பின்னால் அச்சிட்டிருப்பதை எடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும், பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

பிறகு போனை சேஃப் மோடில் திறக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ என்பதை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் வெளி ஆப்கள் ஓடாது. ஆக்சஸிபிலிட்டியை எடுத்து, டிவைஸ் அட்மின் பட்டியலிலும் பெயர் இருந்தால் எடுத்து, அன்இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் யூபிஐ இருக்கும் போன் என்பதால் நான் அதோடு விட மாட்டேன். படங்களை மட்டும் கேபிள் வழியாக எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட். பேக்கப்பிலிருந்து ஆப்களை மொத்தமாகத் திருப்பாமல் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கூகுள் கடவுச்சொல், யூபிஐ பின் இரண்டையும் ரீசெட்டுக்குப் பிறகுதான் மாற்ற வேண்டும், அதற்கு முன் அந்த போனில் தட்டினால் புதியதும் போய்விடும்.

போனில் ஆட ஆசை என்றால் சிம் இல்லாத பழைய போன் ஒன்றை ரீசெட் செய்து, தனி கூகுள் கணக்கு போட்டு, ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் விடுங்கள். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் ஆப் பிளே ஸ்டோரிலேயே இருக்கிறது. ஏபிகேயே வேண்டாம்.

குப்பன் பேட்டை ராம் பதில்:

இவ்வளவு சிரமம் எதற்கு? லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி போட்டு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டால் எல்லாம் அதிலேயே ஆடலாமே. பழைய இரும்பைத் தூக்கிப் போடச் சொல்லலாம்.

எஸ்பிரோடு வாடிக்கை:

2டி கேமுக்குச் சரிங்க. ஆனால் புதிய வர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பிக்கு 3டி முடுக்கம் இல்லை, 2000 முதல் 2005 வரை வந்த 3டி கேம்கள் நொண்டும். ஃபுல் ஸ்கிரீனில் 256 நிறம் கேட்கும் கேம்களில் நிறம் பிசகலாம். பென்டியம் 4இல் ரோட் ரேஷ் எந்த வித்தையும் இல்லாமல் ஓடும். மெஷின் நல்ல நிலையில் இருந்தால் இரும்பே மேல்.

ஆனால் நெட் வேண்டாம், இதில் நான் கறாராக இருப்பேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8உடன் ஆதரவு முடிந்தது. 2017இல் வானாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றியபோது பயன்படுத்திய எஸ்எம்பி (ஃபைல் பகிரும் வசதி) ஓட்டை எக்ஸ்பியிலும் இருந்ததால்தான் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக அதற்கும் ஒரு பேட்ச் விட்டது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறோம், வெளியிலிருந்து வராது என்று நினைக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு கெட்டுப்போன கருவியிலிருந்து வருமே. தவிர எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்றைய டிஎல்எஸ் (தளங்களின் பாதுகாப்பு இணைப்பு முறை) தெரியாது, பெரும்பாலான தளங்கள் திறக்காது. உடனே ‘எக்ஸ்பிக்கு பிரவுசர்’ என்று தேடி எதையாவது போடத் தோன்றும். பயாஸுக்குள் போய் லேன் போர்டையே டிஸேபிள் பண்ணிடுங்க, அந்த யோசனையே வராது.

ஃபைல் கொண்டுபோக 8 அல்லது 16 ஜிபி பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் பண்ணி அதற்கென்றே ஒதுக்குங்க. எக்ஸ்ஃபேட்டை எக்ஸ்பி தானாகப் படிக்காது. எக்ஸ்பியில் ஒரு தடவை குத்திய பென் டிரைவ் ஃபார்மேட் ஆகாமல் பேங்கிங் லேப்டாப்புக்குத் திரும்பக் கூடாது. இன்னும் பத்திரமாக வேண்டுமானால் சிடிஆரில் எழுதி செஷனை மூடிடுங்க, சிடியில் வைரஸ் ஏறி வர வழியில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை இரண்டு எக்ஸ்பி மெஷினில் ஆட வேண்டுமென்றால் மட்டும் லேனைத் திறக்கலாம், ரவுட்டரில் செருகாமல். பழைய 100 எம்பிபிஎஸ் கார்டுகளுக்கு நடுவில் கிராஸ்ஓவர் கேபிள் வேண்டும், சாதா கேபிள் போட்டால் விளக்கு எரியாது. முகவரி ஒன்றில் 192.168.50.1, மற்றதில் 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வேயைக் காலியாக விடுங்க. ஃபயர்வாலில் அந்த கேமுக்கு மட்டும் விதிவிலக்கு. கேம் பட்டியலில் எதிராளி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம்.

மயிலை எழுத்தன் பதில்:

கட்டுரைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பாவின் ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியலாம். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள் ஐயா. அந்தக் காலத்தில் யூனிகோடுக்குப் பதிலாக பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். எழுத்துருவை மாற்றினால்தான் தமிழாகத் தெரியும்.

வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். பெயர் தெரிந்தால் குறியாக்கம் தெரிந்துவிடும். டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தால் பெயர் இருக்காது, எக்ஸ்பி இமேஜில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைப் பார்த்து, எந்தத் தமிழ் எழுத்துருக்கள் நிறுவியிருந்தார் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஃபோல்டரையும் தவறாமல் நகலெடுத்து வையுங்கள்.

மாற்றுவதற்கு என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற நிரல்கள் உண்டு. முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொல்லோ ஆண்டோ இருந்தால் நிரல் அவற்றையும் தமிழெழுத்தாக மாற்றிக் குழப்பிவிடும். தமிழ் எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு கொம்பும் காலும் வரும் இடங்களை, அதாவது கொ, கோ, கௌ வரிசைகளை, கண்ணால் சரிபாருங்கள். பழைய குறியாக்கங்களில் கொம்பு தனி எழுத்தாக முன்னால் நிற்கும், பிழை விழுவது அங்கேதான். மூல ஃபைலை அழிக்காமல் மாற்றியதைப் புதுப் பெயரில் சேமியுங்கள்.

டாஸ் பிராம்ப்ட்:

சிடிக்கள் பற்றி விட்டுப்போனது. எக்ஸ்பி மெஷினில் ஓட்டி ஓட்டிக் கீறுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் கேம் சிடிக்களில் பலவற்றில் முதல் டிராக் டேட்டா, மிச்சமெல்லாம் ஆடியோ. ஐஎஸ்ஓவாக எடுத்தால் டேட்டா மட்டும் வரும், கேம் ஓடும், பாட்டு இருக்காது. பின் (bin), கியூ (cue) என்ற ஃபைல் ஜோடியாக எடுக்க வேண்டும். சிடியைச் சாதா பிளேயரில் போட்டு இரண்டாம் டிராக்கிலிருந்து இசை கேட்டால் அந்த வகைதான். டாஸ்பாக்ஸில் மவுண்ட் செய்யும்போதும் கியூ ஃபைலைக் காட்டுங்கள், பின் ஃபைலை அல்ல.

அல்சூர்வாசி:

இமேஜ் முழுதாக வந்துவிட்டது, கெட்ட இடம் சொற்பம். எழுத்துருப் பெட்டியில் பாமினி என்றே நிற்கிறது. அண்ணி வங்கியைக் கூப்பிட்டுவிட்டார், பணம் எதுவும் போகவில்லை, போன் ரீசெட் ஆகிறது. கெப்பாசிட்டர்கள் தட்டையாக இருக்கின்றன, சுவிட்ச் 230இல்தான். சிஆர்டி பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எஸ்பிரோடு வாடிக்கை:

பின்பக்க மூடியைத் திறக்கவே திறக்காதீங்க, அணைத்த பிறகும் உள்ளே உயர் வோல்டேஜ் நிற்கும். வெளியே தூசியைத் தட்டி, ஈரம் காய ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு ஆன் பண்ணுங்க. புகை, கருகிய வாசனை, விடாத சடசட சத்தம் எது வந்தாலும் சுவரிலேயே அணைச்சிடுங்க. ஓரத்தில் நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கும், தள்ளி வைத்து மெனுவில் டீகாஸ் (காந்த நீக்கம்) கொடுங்க. எக்ஸ்பி முதலில் 60 ஹெர்ட்ஸில் வரும், பிள்ளைகளுக்குக் கண் வலிக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, மானிட்டர் என்று போய் 1024க்கு 768இல் 85 ஹெர்ட்ஸ் வையுங்க. பட்டியலில் 85 இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, அதை முதலில் போடணும்.